தாளத்துக்குச் சொந்தக்காரர் இல்லையா?

பிரேசில் இசையைப் பற்றி எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும், எந்த இணையப் பக்கத்தைத் திறந்தாலும் ஒரு வாக்கியம் தவறாமல் கண்ணில் படும். போர்ச்சுகீசியர், பூர்வகுடிகள், ஆப்பிரிக்கர் என்று மூன்று தரப்பின் இசையும் கலந்து உருவானது பிரேசில் இசை. அதன் தாளங்களில் மட்டும் ஆப்பிரிக்கத் தாக்கம் கொஞ்சம் தூக்கல். படிக்கும்போது ஒரு குறையும் தெரியாது. மூன்று பேருக்கும் பங்கு கொடுத்தாயிற்று, யாரையும் விட்டுவிடவில்லை. நல்ல பிள்ளை வாக்கியம்!

ஆனால் அந்தத் 'தாக்கம்' என்ற சொல்லைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். வீட்டுக்கு வந்துபோகும் விருந்தாளியைப் பற்றி அப்படிச் சொல்லலாம். வீட்டைக் கட்டியவரைப் பற்றி அப்படியா பேசுவார்கள்? சாம்பாவிலிருந்து தாளத்தை உருவி எடுத்துவிட்டால் மிஞ்சுவது என்ன? ஒரு கித்தார், சில வரிகள், நான்கைந்து ஐரோப்பிய கார்டுகள். அது சாம்பா இல்லை. மெட்டை மாற்றலாம், வரிகளை மாற்றலாம், தாளம் இருக்கும்வரை அது சாம்பாதான். அப்படியிருக்க, தாளத்தைக் கொண்டுவந்தவர்களுக்குத் 'தாக்கம்' என்ற பட்டமும், மெட்டும் வரியும் எழுதியவருக்கு 'இசையமைப்பாளர்' என்ற பட்டமும் ஏன்? இது வெறும் சொல் தகராறு இல்லை. இந்த இரண்டு பட்டங்களில் ஒன்றுக்குத்தான் காசு வரும்.

முதலில் கணக்கு. அட்லாண்டிக் கடலைத் தாண்ட அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்ட ஆப்பிரிக்கர்கள் சுமார் 1 கோடியே 25 லட்சம் பேர். அவர்களில் ஏறத்தாழ 48 லட்சம் பேர் பிரேசிலில் இறக்கப்பட்டார்கள். (அமெரிக்க அடிமை முறையைப் பற்றி எத்தனை படங்கள், எத்தனை நாவல்கள்! ஆப்பிரிக்காவிலிருந்து நேராக அங்கே இறக்கப்பட்டவர்கள் 4 லட்சத்துக்கும் குறைவு.) அமெரிக்கக் கண்டங்களிலேயே கடைசியாக அடிமை முறையை ஒழித்த நாடும் பிரேசில்தான், 1888 மே 13-இல். ரியோ டி ஜெனிரோவில் அவர்களை இறக்கிய வலோங்கோ துறை மண்ணுக்கடியில் புதைந்து கிடந்தது. 2011-இல் துறைமுகப் பகுதியைச் சீரமைக்கத் தோண்டியபோதுதான் வெளியே வந்தது. 2017-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. அங்கோலா, காங்கோ பக்கத்து பாண்டு மொழிக்காரர்கள், இன்றைய நைஜீரியா, பெனின் பக்கத்து யொருபா, ஃபோன் மக்கள் என்று பலரும் அந்தக் கப்பல்களில் வந்தார்கள். கையில் எதையும் எடுத்துவர வழியில்லை. உடம்பில் இருந்ததைத்தான் கொண்டுவர முடிந்தது.

அப்படி என்னதான் கொண்டுவந்தார்கள் என்பதைப் பார்க்க பாஹியா மாநிலத்தின் கண்டோம்ப்ளே வழிபாட்டுக்குப் போக வேண்டும். 'ஒரிஷா' எனப்படும் தெய்வங்களை அழைக்கும் வழிபாடு இது. அழைப்பது பாட்டு மட்டும் இல்லை, 'அடபாக்கே' என்ற உயரமான மேளங்கள் மூன்று. பெரியது ரும், நடுவிலானது ரும்பி, சிறியது லே. கூடவே ஓர் இரும்பு மணி. மணியும் இரண்டு சிறிய மேளங்களும் ஒரே அச்சைத் திருப்பித் திருப்பி அடித்துக்கொண்டிருக்க, பெரிய மேளமான ரும் மட்டும் பேசும், விலகும், சீண்டும், ஆடுபவரின் காலுக்குக் கட்டளை போடும். கனத்த ஒலி அடியில் தாங்கிப் பிடிக்கும், மெல்லிய ஒலி மேலே நின்று நாயகனாகும் என்ற ஐரோப்பியக் கணக்கு இங்கே செல்லாது. கேட்பவர் காதைத் தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொள்ள வேண்டும். கேத்து மரபில் குச்சி வைத்து அடிப்பார்கள், அங்கோலா மரபில் வெறுங்கை. ஒவ்வொரு ஒரிஷாவுக்கும் தனித் தாளம் உண்டு: ஷாங்கோவுக்கு அலுஜா, ஒஷுமுக்கு இஜேஷா, ஒமொலுவுக்கு ஒபனிஜே.

இந்தத் தாளங்களையெல்லாம் தெரிந்த தலைமை மேளக்காரருக்கு 'அலபே' என்று பெயர். அது ஒரு பதவி. பல வருடப் பயிற்சிக்குப் பிறகு கிடைப்பது. ஆகவே, கறுப்பர்களுக்குத் தாளம் ரத்தத்திலேயே ஊறியது என்று மெச்சுகிறார்களே, அது பாராட்டு மாதிரி தெரியும் அவமதிப்பு. படித்து வந்த வித்தைக்குத்தான் கூலி கேட்கலாம். ரத்தத்தில் ஊறியதற்கு யாரும் சம்பளம் கேட்க முடியாது பாருங்கள்.

மணியின் அச்சை மேசையில் தட்டிப் பார்க்கலாம். ஒரு சுற்றை 12 சிறு துடிப்புகளாகப் பிரித்துக்கொண்டு, 2, 2, 1, 2, 2, 2, 1 என்ற இடைவெளிகளில் 7 அடி. (கீபோர்டு பழகியவர்களுக்கு ஒரு சுவையான செய்தி: மேஜர் ஸ்கேலில், அதாவது சங்கராபரணத்தில், சுரங்களுக்கு இடையிலான தூரமும் இதே 2, 2, 1, 2, 2, 2, 1 தான். தற்செயல்தான், ஆனாலும் அழகு.) இதே அச்சு கானாவின் ஏவே மக்களிடமும் நைஜீரியாவின் யொருபா மக்களிடமும் இருக்கிறது. சாம்பாவின் அச்சு வேறு. அது 16 துடிப்பு. சாம்பாவில் 'தம்போரிம்' என்ற உள்ளங்கை அளவுப் பறை அடிக்கிற அந்த அச்சு அங்கோலாப் பக்கத்து அச்சுகளின் நேர் வாரிசு என்பதை ஆஸ்திரிய ஆய்வாளர் கெர்ஹார்ட் கூபிக் 1979-இல் எழுதிய நூலில் விளக்கினார். இந்த அச்சுகள் போகிற போக்கில் மாறும் அலங்காரம் இல்லை. ஓர் அடி இடம் மாறினாலும் சேர்ந்து அடிப்பவர் கை குழம்பும், ஆடுபவர் கால் தடுமாறும். அதனால்தான் கடல் தாண்டியும், தலைமுறை தாண்டியும் கெட்டியாக நிற்கின்றன. 1890-இல் பிரேசிலின் நிதியமைச்சர் ரூயி பார்போசா அடிமை முறை தொடர்பான பதிவேடுகளை எரிக்க உத்தரவிட்டார் (முன்னாள் முதலாளிகள் நஷ்டஈடு கேட்டு வரக்கூடாது என்பதற்காக என்று காரணம் சொல்வார்கள்). காகிதம் போனாலும் யார் எங்கிருந்து வந்தார்கள் என்பதற்கு இந்தத் தாள அச்சுகள் சாட்சியாக மிஞ்சின.

கருவிகளிலும் இதே கதைதான். கபோய்ரா ஆட்டத்தில் ஒலிக்கும் பெரிம்பாவ் ஒரு வில். அதில் ஒரு கம்பி, கீழே ஒரு சுரைக் குடுக்கை. ஒரு கையில் குச்சியும் சிறு கிலுகிலுப்பையும், மறு கையில் கம்பியை அழுத்த ஒரு கல் அல்லது காசு. குடுக்கையை வயிற்றில் ஒட்டியும் விலக்கியும் ஒலியை மாற்றுவார்கள். அங்கோலாவில் இதன் உறவுக்காரனுக்கு ஹுங்கு என்று பெயர். குயிக்கா என்ற இன்னொன்று இருக்கிறது. முதல் தடவை கேட்பவர்கள் யாரோ குரங்கைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்றே நினைப்பார்கள். உறுமியில் தோலை வெளியே குச்சியால் தேய்ப்பார்கள். குயிக்காவில் தோலின் நடுவே உட்பக்கமாகக் கட்டிய குச்சியை ஈரத் துணியால் உருவுவார்கள். இதுவும் அங்கோலா, காங்கோ வழி வந்ததுதான்.

கலப்பே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. கவாக்கின்யோ என்ற குட்டிக் கித்தார் போர்ச்சுகலிலிருந்து வந்தது. பான்டெய்ரோ என்ற சலங்கைத் தட்டுப் பறை அரபுகள் வழியாக ஸ்பெயின், போர்ச்சுகல் போய் அங்கிருந்து வந்தது. சாம்பாவின் இதயத் துடிப்பான சுர்தோ மேளத்தை 1920-களின் கடைசியில் ரியோவின் எஸ்டாசியோ பகுதியில் பிடே என்பவர் பெரிய வெண்ணெய் டின்னில் தோலைக் கட்டி உருவாக்கினார். வெண்ணெய் டின் எந்த இன மக்களின் பண்பாடு? பாத்திரம் எந்தக் கடையில் வாங்கியது என்பது ஒரு கேள்வி, சமையல் யாருடையது என்பது வேறு கேள்வி.

இனி போலீசுக்கு வருவோம். தாளம் வெறும் தாக்கம்தான் என்றால், பிரேசில் அரசு அதைக் கண்டு ஏன் அவ்வளவு பயந்தது? 1890 தண்டனைச் சட்டம் கபோய்ராவைக் குற்றமாக்கியது. வேலையில்லாமல் திரிவதும் குற்றம், 'மாந்திரீகம்' செய்வதும் குற்றம். இந்தப் பிரிவுகளை வைத்துக்கொண்டு மேளம் வைத்திருந்தவர்களைப் பிடித்தார்கள். சாம்பா முன்னோடிகளில் ஒருவரான ஜொவாவ் ட பையானா பின்னாளில் சொன்ன கதை பிரபலம். 1908-இல் பென்யா திருவிழாவில் அவருடைய பான்டெய்ரோவைப் போலீஸ் பிடுங்கிக்கொண்டது. அதனால் செனட்டர் பின்யெய்ரோ மஷாடோ வீட்டு விருந்தில் அவரால் வாசிக்க முடியவில்லை. விஷயத்தைக் கேள்விப்பட்ட செனட்டர், தன் பெயரோடு பாராட்டு எழுதிய புதிய பான்டெய்ரோ ஒன்றைச் செய்து கொடுத்தார். அதற்குப் பிறகு எந்தப் போலீஸ்காரரும் அதன்மேல் கை வைக்கவில்லையாம். கேட்க இனிமையான கதைதான். ஆனால் தெருவில் தாளம் போட ஒரு மனிதனுக்கு செனட்டரின் கையெழுத்து தேவைப்பட்டது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

செனட்டர் பழக்கம் இல்லாதவர்களின் மேளங்கள் எங்கே போயின? ரியோ போலீஸ் வழிபாட்டு இடங்களில் பறிமுதல் செய்த பொருள்கள் போலீஸ் அருங்காட்சியகத்தில் 'பில்லி சூனிய' சேகரிப்பு என்ற பெயரில் பல பத்தாண்டுகள் கிடந்தன. பக்தர்கள் வருடக்கணக்காகப் போராடிய பிறகு, 500-க்கும் மேற்பட்ட அந்தப் பொருள்கள் 2020-இல்தான் குடியரசு அருங்காட்சியகத்துக்கு மாற்றப்பட்டன. பாஹியாவில் நிலைமை இன்னும் மோசம். கண்டோம்ப்ளே நடத்தப் போலீஸ் அனுமதி வாங்கவேண்டும் என்ற விதி அங்கே 1976 வரை இருந்தது. 1976! பிரேசில் மூன்று உலகக் கோப்பைகளை ஜெயித்து முடித்துவிட்டது, சாம்பா நாட்டின் அடையாளமாகி நாற்பது வருடம் ஆகிவிட்டது, அந்தத் தாளங்கள் பிறந்த கோயிலில் மேளம் தொட மட்டும் ஸ்டேஷனுக்குப் போய் நிற்க வேண்டும்.

தாளம்தான் இங்கே சரக்கு என்பது காவல் நிலையத்துக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. பாடல்களைப் பதிவு செய்யும் அலுவலகத்துக்குத்தான் தெரியவில்லை.

அந்த அலுவலகத்தின் கதை 1916-இல் தொடங்குகிறது. பாஹியாவிலிருந்து ரியோவுக்குக் குடிபெயர்ந்த கறுப்பர்கள் வாழ்ந்த பகுதியைக் 'குட்டி ஆப்பிரிக்கா' என்பார்கள். அங்கே தியா சியாட்டா (தியா என்றால் அத்தை, சித்தி) என்ற பெண்மணியின் வீடுதான் எல்லோருக்கும் கூடுமிடம். முன்னறையில் கனவான்களுக்கு ஏற்ற நடன இசை, உள்ளே சாம்பா, கொல்லைப்புறத்தில் மேளம் என்று அந்த வீடு ஒன்றன்பின் ஒன்றாகத் திரை போட்ட மாதிரி இருந்தது என்று 'சாம்பா, உடலின் உரிமையாளன்' என்ற நூலில் (1979) மூனிஸ் சொத்ரே விளக்குகிறார். போலீஸ் எட்டிப் பார்த்தால் முன்னறைதான் தெரியும்! அந்த வீட்டுக் கூட்டங்களில் பலர் சேர்ந்து பாடிய ஒரு பாட்டை டோங்கா என்ற இசைக்கலைஞர் 1916 நவம்பரில் ரியோவின் தேசிய நூலகத்தில் தன் பெயரில் பதிவு செய்தார். 'பெலோ டெலெபோனி' என்ற அந்தப் பாட்டு 1917 கார்னிவலில் ஓஹோவென்று ஓடியது. முதல் சாம்பா இசைத்தட்டு என்று இன்றும் அதைத்தான் சொல்வது வழக்கம். தியா சியாட்டா வீட்டுக் கூட்டம் எங்கள் பாட்டு என்று சண்டைக்கு வந்தது.

இங்கே டோங்காவைத் திட்டுவது சுலபம், ஆனால் நியாயமில்லை. அவரும் அந்த வட்டத்துக் கறுப்பர்தான். அவர் செய்தது, அரசாங்கத்தின் படிவம் எப்படி இருந்ததோ அதற்கேற்ப நடந்துகொண்டது மட்டுமே. படிவத்தில் மெட்டுக்கு இடம் இருந்தது, வரிகளுக்கு இடம் இருந்தது, எழுதியவர் பெயருக்கு இடம் இருந்தது. ஒரு கொல்லைப்புறத்தில் இருபது பேர் சேர்ந்து உருவாக்கும் தாளத்துக்கு இடம் இல்லை.

அதற்குப் பிறகு வந்த காலம் சாம்பா வியாபாரத்தின் காலம். பிரபல வெள்ளைப் பாடகர் பிரான்சிஸ்கோ ஆல்வெஸ், எஸ்டாசியோவின் இஸ்மாயெல் சில்வாவிடம் பாடல்களைக் காசு கொடுத்து வாங்கி, ஆசிரியர் இடத்தில் தன் பெயரையும் போட்டுக்கொண்டார். மங்கேய்ரா சாம்பா பள்ளியை நிறுவியவர்களில் ஒருவரான கார்டோலாவும் அவருக்குப் பாட்டு விற்றவர்தான். 1956-இல் ஒரு பத்திரிகையாளர் இபனேமாவில் அவரைக் கண்டுபிடித்தபோது கார் கழுவிக்கொண்டிருந்தார். அவருடைய முதல் தனி இசைத்தட்டு 1974-இல், 65 வயதில் வந்தது. இவர்களாவது மெட்டுக் கட்டியவர்கள், அதனால் பிற்பாடாவது பெயர் திரும்பி வந்தது. அவர்களுக்குப் பின்னால் நின்று அடித்தவர்களுக்கு அதுவும் இல்லை.

போசா நோவாவைப் பாருங்கள். 1958-இல் ஜொவாவ் ஜில்பெர்டோ கித்தாரில் செய்த புதுமையை இசை விமர்சகர்கள் எல்லோரும் ஒரே மாதிரி விவரிப்பார்கள்: கட்டைவிரல் சுர்தோ, மற்ற விரல்கள் தம்போரிம். ஒரு சாம்பா கூட்டத்தையே ஆறு தந்திக்குள் சுருக்கிவிட்டார். உண்மையிலேயே மேதைமைதான், சந்தேகமில்லை. ஸ்டான் கெட்ஸோடு சேர்ந்து அவர் செய்த 1964-ஆம் வருட இசைத்தட்டு கிராமி விருதும் வாங்கியது. ஆனால் தாளத்தைக் கித்தாருக்கு மாற்றியவர் மேதை என்றால், மாற்றுவதற்கு முன்பு அந்தத் தாளத்தை வைத்திருந்தவர்கள் யார்? அவர்கள் 'தாக்கம்'.

இந்தப் பாகுபாடு எப்படி வேலை செய்கிறது என்பதை இரண்டு பாடல்களை அடுத்தடுத்து வைத்தால் பளிச்சென்று தெரியும். 1972-இல் ஜோர்ஜி பென் என்ற கறுப்பினப் பாடகர் 'தாஜ்மகால்' என்று ஒரு பாட்டு வெளியிட்டார் (ஆமாம், ஆக்ராவில் இருக்கும் அதே தாஜ்மகால்தான்). 1978-இல் ராட் ஸ்டூவர்ட்டின் ஒரு டிஸ்கோ பாட்டு உலகமெங்கும் ஓடியது. அதன் பல்லவி தன்னுடையது என்று ஜோர்ஜி பென் கேட்டார், சமரசத்தில் முடிந்தது. தன்னை அறியாமலே அந்த மெட்டை எடுத்துவிட்டதாக 2012-இல் வந்த தன்வரலாற்றில் ஸ்டூவர்ட்டே ஒப்புக்கொண்டார். காரணம், அது மெட்டு.

இரண்டாவது பாட்டுக்கு முன் கொஞ்சம் சல்வடோர் நகரத்துத் தெருக் கதை தேவை. அங்கே கார்னிவலில் கோயில் தாளத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர்கள் துறைமுகத் தொழிலாளிகள். 1949-இல் அவர்கள் தொடங்கிய குழுவின் பெயர் 'பில்யோஸ் டி காந்தி', காந்தியின் பிள்ளைகள். காந்தி கொல்லப்பட்டது முந்தைய வருடம்தான். வெள்ளை உடை, வெள்ளைத் தலைப்பாகை, ஒஷுமின் இஜேஷா தாளம் என்று இன்றும் ஊர்வலம் வருகிறார்கள். 1974-இல் 'இலே ஐயே' தொடங்கியது, கறுப்பர்கள் மட்டுமே சேரும் குழு. அடுத்த வருடக் கார்னிவலில் அவர்கள் தெருவில் இறங்கியதும் உள்ளூர் நாளிதழ் அவர்களையே இனவெறியர்கள் என்று எழுதியது. 1979-இல் 'ஒலோடும்' குழு. அதன் மேளத் தலைவர் நெகின்யோ டு சாம்பா சாம்பாவையும் ரெகேயையும் பிணைத்து ஒரு புதிய தாளத்தையே உண்டாக்கினார். அந்த ஒலோடும் மேளங்களைப் பெலோரின்யோ தெருவிலேயே பதிவு செய்துதான் பால் சைமன் 1990 இசைத்தட்டின் முதல் பாட்டை அமைத்தார். கேட்டுப் பாருங்கள், மேளம்தான் தொடங்குகிறது, மேளம்தான் சுமக்கிறது. சைமன் அவர்கள் பெயரை மறைக்கவில்லை, வாசித்தவர்கள் பட்டியலில் போட்டார். அதனால் ஒலோடும் உலகப் புகழ் பெற்றது. ஆனால் பாட்டை ஆக்கியவர் என்ற இடத்தில் இருப்பது சைமன் பெயர் மட்டும். சட்டப்படி அதில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் பிரச்னையே.

அப்படியானால் 2, 2, 1, 2, 2, 2, 1-க்கு யாராவது வேலி போட வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம். அந்த அச்சுக்கு ஏவே, யொருபா, பாஹியா என்று ஆயிரம் சொந்தக்காரர்கள். அதற்கு வேலி போட்டால் முதலில் அடிபடுவது அவர்களே. ஆனால் பொதுவான அச்சு வேறு, ஒரு குழுத் தலைவர் அதை வைத்து உருவாக்கிய குறிப்பிட்ட அமைப்பு வேறு. ஏழு சுரங்களுக்கு உரிமையாளர் கிடையாது, ஆனால் அவற்றால் கட்டிய மெட்டுக்கு உண்டு. மேளத்துக்கு மட்டும் ஏன் வேறு நீதி? பிரேசிலின் 1998 பதிப்புரிமைச் சட்டம், ஆசிரியர் தெரியாத படைப்புகளைப் பொதுவில் விடும்போது மரபு அறிவுக்குப் பாதுகாப்பு என்று ஒரு விதிவிலக்கு வைத்திருக்கிறது. காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. நடைமுறையில், வானொலியில் ஒலிக்கும் பதிவுகளுக்கு வசூலாகும் பணத்தில் மூன்றில் இரண்டு பங்கு பாட்டை எழுதியவர்களுக்குப் போகிறது. மீதியைப் பாடகரும் தயாரிப்பாளரும் ஆளுக்குப் பாதியாகக் கிட்டத்தட்ட முடித்துவிட, அதில் ஆறில் ஒரு பங்கைத்தான் எல்லா வாத்தியக்காரர்களும் சேர்ந்து பிரித்துக்கொள்ள வேண்டும். ஒலோடும் மாதிரி ஒரு மேள அமைப்பின்மேல் ஒரு பாட்டு நிற்கிறது என்றால், மேளத் தலைவரையும் இணை இசையமைப்பாளர் என்று எழுதுவதில் என்ன கஷ்டம்? படிவத்தில் ஒரு கட்டம் கூடுதலாகப் போட வேண்டும், அவ்வளவுதானே.

பழங்கதை என்று இதைத் தள்ளிவிடவும் முடியாது. ரியோவின் ஃபவேலா குடியிருப்புகளில் 1990-களின் கடைசியில், அமெரிக்காவின் மயாமி பேஸ் ஒலியை எடுத்து அதன்மேல் அடபாக்கே மேள அடிகளை ஏற்றி 'தம்போர்சாவ்' என்ற அச்சு பிறந்தது. 'பெரிய மேளம்' என்று அர்த்தம். இன்றைய பிரேசிலியன் ஃபங்க் இசையின் அஸ்திவாரம் அதுதான். 1890 வசனங்கள் அப்படியே திரும்பி வந்தன: இது இசையே இல்லை, ரவுடிகளின் சத்தம். 2017-இல் ஃபங்கைக் குற்றமாக அறிவிக்கக் கோரி 20,000-க்கும் மேற்பட்டவர்கள் ஆதரவுடன் ஒரு மனு செனட்டுக்கே போனது, செனட் நிராகரித்தது. 2019 டிசம்பரில் சாவோ பாவ்லோவின் பரைசோபோலிஸ் குடியிருப்பில் ஃபங்க் நடனக் கூட்டத்தில் போலீஸ் புகுந்தபோது 9 இளைஞர்கள் இறந்தார்கள்.

அதே 2019-இல்தான் ஹெனான் ட பென்யாவின் கதையும். நிமிடத்துக்கு 130 துடிப்பில் ஓடிக்கொண்டிருந்த ஃபங்கை 150-க்கு ஏற்றி, அந்த வேகத்தை நாடு முழுக்கப் பரப்பிய டிஜேக்களில் அவர் முக்கியமானவர். பெரிய பாடகர்களெல்லாம் அந்த வேகத்துக்கு மாறினார்கள். போதைப்பொருள் கும்பலோடு தொடர்பு என்று அவர்மேல் வழக்கு. அவர் மறுத்தார், அந்தக் குடியிருப்புகளில் இசை நிகழ்ச்சி நடத்துவதையே குற்றமாக்குகிறார்கள் என்று அவர் தரப்பு வாதாடியது. அந்த அக்டோபரில் மல்டிஷோ விருது விழாவில் ஆண்டின் சிறந்த பாடலுக்கான விருது அவரும் எம்சி லிவின்யோவும் சேர்ந்து செய்த பாட்டுக்குக் கிடைத்தது. விருது அறிவிக்கப்பட்டபோது ஹெனான் சிறையில் இருந்தார்.